இரட்டிப்பாகவில்லையே, டாக்டர்?

மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. பத்தாம் நாள் பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை) பார்த்தோம், 2,140. சரியாக 48 மணி நேரம் கழித்து அதே லேபில் 3,380. "டபுள் ஆகியிருக்கணும், ஆகலையே" என்றார் ரிப்போர்ட் கொடுத்தவர். என் அக்காவுக்கு இதே நாளில் 6,000 இருந்ததாம். அதிலிருந்து தூக்கமே இல்லை. கரு தங்குமா?
- வாசகி, தேனி

பதில்: முதலில் அக்காவின் ரிப்போர்ட்டை எடுத்து உள்ளே வையுங்கள். உங்களுக்கு மாதாமாதம் 28 நாளில் வந்துவிடும் என்றால், நீங்கள் ரத்தம் கொடுத்தது ஐந்து வாரமும் மூன்று நாளும் ஆனபோது. ஐந்தாவது வாரத்துக்கு லேப் அட்டவணையில் போட்டிருப்பதே 18 முதல் 7,340 வரை. உங்கள் 2,140-ம் அதற்குள்தான், அக்காவின் 6,000-ம் அதற்குள்தான். கரு கர்ப்பப்பையில் ஒட்டுவது சில நாள் முன்பின்னாக இருந்தாலே எண் இவ்வளவு மாறும்.

அடுத்தது அந்த 'டபுள்' கணக்கு. நல்ல கர்ப்பத்திலும் எல்லோருக்கும் 48 மணி நேரத்தில் இரட்டிப்பாகாது. முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால் குறைந்தது 49 சதவீதம், 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில் 40, அதற்கு மேல் 33 சதவீதம் ஏறியிருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். எண் பெரிதாக ஆக, ஏறும் வேகம் தானாகவே குறையும். உங்களுக்கு ஏறியிருப்பது 58 சதவீதம். கவுன்டரில் நின்று சொன்ன ஒரு வரிக்காக ஒரு கர்ப்பிணி தூக்கத்தைத் தொலைப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. ரிப்போர்ட்டை வாங்குங்கள், விளக்கத்தை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. கருக்குழாயில் தங்கிய கருவிலும் சில நேரம் எண் ஒழுங்காகவே ஏறும். அதனால் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டாம், இந்த வாரமே உள்வழி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். 3,500-ஐ நெருங்கும்போது கர்ப்பப்பைக்குள் கருவைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை பெரும்பாலும் தெரிந்துவிடும். இதயத்துடிப்பு இப்போதே தெரியவில்லை என்று பயப்படாதீர்கள், அதற்கு ஆறரை, ஏழு வாரம் ஆகட்டும். துடிப்பைப் பார்த்த பிறகுதான் 'தங்குமா' என்ற கேள்விக்கு நான் தைரியமாகப் பதில் சொல்வேன். இடையில் ஒரு பக்க அடிவயிற்றில் குத்தும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஒன்பதாவது வாரத்தில் 1,42,000 இருந்த பீட்டா எச்.சி.ஜி. இப்போது, 12 வாரம் முடிந்ததும், 78,000 ஆகிவிட்டது. வாந்தியும் நின்றுவிட்டது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: குறையத்தான் வேண்டும், அம்மா. முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் திசுதான் ஆரம்பத்தில் புரோஜெஸ்ட்ரான் சுரந்து கர்ப்பத்தைக் காக்கிறது. அதை வாடாமல் வைத்திருப்பது எச்.சி.ஜி.யின் முக்கிய வேலை. எட்டு, பத்து வாரத்துக்குள் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்ட்ரானைச் சுரக்கத் தொடங்கிவிடும். அதனால் எச்.சி.ஜி. எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்கி, 20 வாரத்துக்குப் பின் தாழ்வான அளவிலேயே நிற்கும். மசக்கையும் பலருக்கு இதே சமயத்தில்தான் அடங்கும். குறையாமல் மிக அதிகமாக ஏறிக்கொண்டே போனால்தான் இரட்டைக் கருவா, முத்துப்பிள்ளை கர்ப்பமா (கருவுக்குப் பதிலாக நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துபோல் வளர்வது) என்று நாங்கள் தேடுவோம்.

இதயத்துடிப்பு பார்த்த பிறகு, டாக்டர் குறிப்பாகக் கேட்டாலொழிய, இந்த டெஸ்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். என்.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்துவிடுங்கள், அதைத் தாண்டினால் குழந்தையின் கழுத்துப் பின்புற நீரை அளந்து பயனில்லை.