கணக்கில் வராத மேல்மாடி

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டையில் முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் சித்தப்பா குடும்பம் முப்பது வருடமாகத் தாராவியில், 90 அடி சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் தாராவி மறுசீரமைப்பு பற்றி நீங்கள் எழுதியதை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "ஆராய்ச்சிக்கு வர்றவங்க எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போயிருவாங்க, எங்க சந்துல கக்கூஸ் மட்டும் அப்படியே இருக்கும்" என்றார். எங்கள் துறைக் கருத்தரங்குகளிலோ ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஆய்வும் கொள்கையும் கைகோக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மும்பையில் ஆய்வால் ஏதாவது ஒன்று உண்மையிலேயே மாறியிருக்கிறதா? இல்லை, எல்லாம் ஓட்டு அரசியல்தானா? முடிந்தால் என் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பும் சொல்லுங்கள்.

மு. க.

அன்புள்ள மு. க.,

சித்தப்பா சொன்னதில் பெரும்பகுதி சரி. தாராவியைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கியவர்களை வைத்தே ஒரு அடுக்குமாடி சொசைட்டி கட்டலாம். அந்த ஆய்வேடுகளில் எத்தனை திரும்ப அந்தச் சந்துக்கு வந்திருக்கும் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் துறைக்காரர்கள் ஆய்வு ஒரு பக்கம், கொள்கை இன்னொரு பக்கம், நடுவில் பாலம் போட வேண்டும் என்று பேசுகிறார்கள் இல்லையா, மும்பையில் நிலைமை அப்படி இல்லை. இங்கே ஏழைகளைப் பொறுத்தவரை சர்வேதான் கொள்கை. 1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளை எண்ணி போட்டோ பாஸ், அதாவது படம் ஒட்டிய குடியிருப்பு அட்டை, கொடுத்தது. அன்று பெயர் ஏறியவருக்கு இடித்தால் மாற்று இடம்; ஏறாதவருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1, இப்போது மாற்று வீட்டுக்குக் காசு கட்டுகிறவர்களுக்கு 2011 ஜனவரி 1 என்று தேதி மட்டும் நகர்ந்தது. நீங்கள் எவ்வளவு ஏழை என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தேதிக்கு முன்னால் இங்கே இருந்தீர்களா, தாள் இருக்கிறதா, அவ்வளவுதான்.

தேதி நகர்ந்ததற்குக் காரணம் ஓட்டு, இதை மறைக்க வேண்டியதில்லை. 1995ஐ 2000 ஆக்குவோம் என்பது 2004 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கொடுத்த வாக்குறுதி. எந்த ஆய்வறிக்கையும் அதைச் செய்யவில்லை. சரி, தேதியைத் தேர்தல் நகர்த்தட்டும். நகரும்போது உங்கள் கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆய்வுக்கு வேலை அங்கேதான்.

1981இல் முதலமைச்சர் அந்துலே நடைபாதைவாசிகளைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பச் சொன்னார், அதுவும் மழைக்காலத்தில். உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் ஒரு மனுதாரர் நம்மூர்க்காரர். சேலத்தில் நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கேன்வாஸும் போர்த்திய ஒரு கொட்டகைக்கு 2,500 ரூபாயை ஒரு தாதா கறந்திருக்கிறான். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். இடித்து, சேலத்துக்கு அனுப்பினார்கள். குடும்பம் அங்கேயே தங்கியது. அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கு வந்து, மறுபடி நடைபாதையில் ஏறினார். இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு அது. சமூகவியல் மாணவர்கள் அதை முழுதாக வாசிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்று ஐந்து நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றும், 1976 கணக்கில் இருப்பவருக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் எழுதினார்கள். ஒரே தீர்ப்பு, இரண்டு முகம். மறுபடியும் அதே பட்டியல்.

நடைபாதையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதே 1985இல் ஸ்பார்க் என்ற அமைப்பும் பைகுல்லாப் பக்கத்து நடைபாதைப் பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். இன்று வந்து நாளை போகிற கூட்டம் என்று அரசு நினைத்துக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பலர் வருடக்கணக்காக அதே இடத்தில் இருக்கிறார்கள், வேலைக்கு நடந்து போகிறார்கள். அவர்களுக்கு நடைபாதை என்பது பஸ் காசு மிச்சம்.

இந்த வேலையில் கூடச் சேர்ந்துகொண்டவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், இளைஞராக பம்பாய் வந்து ஜனதா காலனியில் குடியிருந்தவர். அணுசக்தி நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலனியை 1976இல், நெருக்கடி நிலையின்போது, மொத்தமாக இடித்து மக்களை சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். பட்டியலை அடுத்தவன் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. 2000இல் மகசேசே விருது, 2018இல் மரணம். மும்பைத் தமிழர்கள் அரசியல் தலைவர்களை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இவரை வைத்திருக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இவர்களுடைய முறை எளிமையானது. குடிசைக்கு ஒரு நம்பர், கையால் வரைந்த மேப். பட்டியலைச் சந்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். தகராறு அங்கேயே வரும், அங்கேயே தீரும். தண்டவாள ஓரக் குடிசைகளையும் இப்படித்தான் எண்பதுகளின் கடைசியில் எண்ணினார்கள். பின்னால் உலக வங்கிக் கடனோடு புறநகர் ரயில் விரிவாக்கம் வந்தபோது இந்த எண்ணும் பழக்கம்தான் கைகொடுத்தது. ஏறத்தாழ 20,000 குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், ஆம், மாறியிருக்கிறது. எண்ணப்பட்டவர்களே எண்ணியபோது மாறியது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அந்த வீடுகள் எங்கே என்று போய்ப் பாருங்கள். மான்குர்தில் லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட். ஏழைகளுக்கான கட்டடம் என்பதால் விதிகளைத் தளர்த்தி, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் மூன்று மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி விட்டார்கள். கீழ்த்தளங்களில் பகலிலும் லைட் போட வேண்டும். வெளிச்சமும் காற்றும் இல்லாத அந்த வீடுகளில் காசநோய் அதிகம் என்று டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் சேர்ந்து காட்டினார்கள். கோப்பில் எத்தனை சாவி கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் இருந்தது. பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நீடித்த வளர்ச்சி என்று உங்கள் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கை எடுக்கலாம்.

அரசே செய்த நல்ல ஆய்வும் உண்டு. 2020 ஜூலையில் மாநகராட்சி, நிதி ஆயோக், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் சேர்ந்து மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தன. கொரோனா வந்து போனவர்கள் குடிசைப்பகுதிகளில் 57 சதவீதம், அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16. பொதுக் கழிப்பறை வரிசையும் நெருக்கமும்தான் காரணமாக இருக்கும் என்று அப்போதே சொன்னார்கள். பத்திரிகைகளோ அதைக் கூட்டு எதிர்ப்புச் சக்தி என்று நல்ல செய்தியாக்கிவிட்டன. சித்தப்பா கக்கூஸைப் பற்றிச் சொன்னது வெறும் நக்கல் இல்லை.

இப்போது தாராவிக்கு வருவோம். 2024 மார்ச்சில் வீடு வீடாக சர்வே தொடங்கியது. 2000க்கு முன்னால் கீழ்வீட்டில் இருந்தால் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. மேல்மாடிக்காரருக்கு, அதாவது குடிசைக்கு மேல் எழுப்பிய அறையில் இருப்பவருக்கு, வாடகை அல்லது தவணை முறையில், அதுவும் வெளியே. மேல்மாடியில் இருப்பது யார்? புதிதாக வந்த நெல்லைப் பையன்கள், பை தைக்கிறவர்கள், ஜரி வேலைக்காரர்கள், வாடகைக் குடும்பங்கள். ராத்திரி மாவாட்டி, விடியற்காலை இட்லி அவித்து, சைக்கிளில் சயானுக்கும் மாதுங்காவுக்கும் கொண்டுபோய் விற்கிறவரை நகரத்தின் ஓரத்தில் ஒரு பத்தாவது மாடியில் வைத்தால் வீடு கிடைத்திருக்கும், இட்லி விற்காது. சேலத்துக்காரருக்காக 1985இல் ஒப்புக்கொண்ட நியாயம் இதுதானே? வீடும் பிழைப்பும் ஒரே கணக்கு.

ஆகவே தலைப்பு கேட்டீர்கள், இதை எடுங்கள்: ஒரே ஒரு சந்து, அதன் மேல்மாடிகள் மட்டும். வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, வேலைக்கு நடந்து போக எத்தனை நிமிடம், படுக்கும் இடமும் தைக்கும் இடமும் ஒன்றா. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அறுபது எழுபது வீடாவது சேர்ந்திருந்தால்தான் அது குடிசைப்பகுதி. தேசிய மாதிரி ஆய்வுக்கு இருபது வீடு போதும். எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே ஆட்கள் காணாமல் போவார்கள் என்பதை உங்கள் முதல் அத்தியாயத்தில் எழுதலாம். எழுதியதைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி, சந்தில் உரக்கப் படித்துவிட்டுத் தவறுகளைத் திருத்துங்கள். உங்கள் வழிகாட்டி இதற்குச் சம்மதிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஜூன், ஜூலையில் வராதீர்கள். அந்த மழையில் யாரும் நின்று பேச மாட்டார்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். சித்தப்பா கீழ்வீட்டிலா, மாடியிலா? மாடி என்றால் பழைய லைட் பில், வாடகை ஒப்பந்தம் எது இருந்தாலும் எடுத்து ஜெராக்ஸ் போட்டு ஊரில் உங்களிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆய்வேடு அடுத்த வருடம் வரட்டும், இதை இந்த வாரமே செய்யுங்கள்.