தோட்டக்காரனின் கூலி

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் எங்கள் சபை இளைஞர் கூட்டத்தில் ஒரு சண்டை. ஆதிச் சபையார் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து அனுபவித்தார்கள், ஆகவே கிறிஸ்தவம் கம்யூனிசம்தான் என்றான் ஒரு தம்பி. வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் எஜமான் கொடுத்த பணத்தை வேலைக்காரர்கள் பெருக்கிக் காட்டும் தாலந்து உவமையைக் காட்டி, போட்ட முதலைப் பெருக்கத்தானே சொல்லியிருக்கிறது என்றார். எது சரி?

எஸ்., பாறசாலை

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேரும் அடிக்கோடு போட்டதோடு சரி, பக்கத்தைப் புரட்டவில்லை. அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைக்கிறார்கள். 5இல் அனனியாவிடம் பேதுரு, விற்கும் முன் அது உன்னுடையதுதானே, விற்ற காசும் உன் கையில்தானே இருந்தது என்கிறார். அவன் மாட்டிக்கொண்டது, காசில் ஒரு பங்கை ஒளித்துவிட்டுப் பொய் சொன்னதற்கு. தாலந்து உவமை முடிந்த கையோடு, அதே மத்தேயு 25இல், பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்ற நியாயத்தீர்ப்பு வருகிறது. வளைகுடாக்காரர் அதுவரை வந்திருக்கலாம்.

1891இல் போப் பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ மடலில் சோசலிசத்தை மறுத்துத் தனிச்சொத்துக்கு உரிமை உண்டு என்றார். தொழிலாளி சங்கம் வைக்கலாம், வயிறு நிறையும் கூலி அவனுக்கு வேண்டும் என்று சொன்னதும் அதே மடல்தான். 1959இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து நடந்த விமோசன சமரத்தில் உங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குருமார் கையில் எடுத்தது முதல் பாதியை. கல்வி மசோதாவும் நில மசோதாவும் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் தொட்டுவிடும் என்ற பயம். ஜூலை 31இல் முதல்வர் ஈ.எம்.எஸ். ஆட்சி போயிற்று. இரண்டாம் பாதியை அந்த ஊர்வலங்களில் யாராவது உரக்க வாசித்திருந்தால் எனக்கு மனத்தாங்கலே இல்லை.

நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள் என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எங்கள் கோயில் முற்றத்தில், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏத்தன் குலை, மரச்சீனி, ஒரு கிழவி முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த ஒற்றை முட்டை. கடையில் ஏழு ரூபாய் முட்டைக்கு நூறு சொல்லி எடுத்தவர், அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார். மறுபடி அறுபது. கூப்பாடெல்லாம் சந்தைக் கூப்பாடுதான், மலிவாய்த் தட்டிவிடலாம் என்று மட்டும் ஒருவரும் நிற்பதில்லை. நூறு சொன்ன அதே ஆள் திங்கட்கிழமை தன் ரப்பர் விளையில் (தோட்டத்தில்), பால் வெட்டுகிறவரிடம் மரத்துக்கு எத்தனை காசு என்று ஒரு மணி நேரம் பேரம் பேசுவார். மழைக்காலத்தில் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. வேதம் எந்தப் பொருளாதாரத்துக்கும் சட்டம் எழுதித் தரவில்லை; ஆனால் அந்தத் திங்கட்கிழமைப் பேரத்தில் அது வெட்டுகிறவர் பக்கம்தான் நிற்கிறது. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில், பிடித்துவைத்த கூலியே கூக்குரல் போடுகிறது.

அடுத்த கூட்டத்தில் மத்தேயு 20ஐ வாசியுங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாய வந்தவனுக்கும் தோட்டக்காரன் ஒரே கூலி கொடுக்கிறான். முதலாளியும் முகம் சுளிப்பார், சங்கக்காரரும் சுளிப்பார். பால் வெட்டும் என் சித்தப்பாவுக்கு ஒருநாள் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்த விளை எங்கடே கெடக்கு?” என்றார்.