முடிவு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய ஹாலிவுட் இசைப்படங்களை ரசிகர்கள் வெட்டி ஒட்டி, வேறு முடிவோடு உலவ விடுகிறார்களே, அது முறையா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: எதைக் கொண்டு மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1986-இல் வெளிவந்த 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தில், பூக்கடை ஊழியன் சீமோர் மனித ரத்தம் குடிக்கும் செடியொன்றை வளர்க்கிறான். மூலமான மேடை இசைநாடகத்தில் உள்ளபடியே, செடி அவனையும் காதலி ஆட்ரியையும் விழுங்குவதாகத்தான் இயக்குநர் ஃபிராங்க் ஆஸ் முதலில் எடுத்தார். ஆனால் சோதனைக் காட்சிக்கு வந்தவர்களில் 13 சதவீதத்தினரே படத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்போம் என்றதால், 20 நிமிடத்துக்கும் மேலான அப்பகுதி நீக்கப்பட்டு, செடி மின்சாரம் பாய்ந்து வெடிப்பதும் காதலர் மணம் புரிவதுமாகப் புதிய முடிவு படமாக்கப்பட்டது. மேடையில் மாண்டவர்கள் திரை விழுந்தபின் வந்து வணங்குவார்கள், சினிமாவில் அதற்கு வழியில்லை என்று ஆஸ் பின்னாளில் விளக்கினார்.

1998-இல் வந்த டிவிடியில் அப்பகுதி கறுப்பு வெள்ளையில், அரைகுறை ஒலியோடு சேர்க்கப்பட்டிருந்தது. தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் ஆட்சேபித்ததால் டிவிடி சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் வாங்கியிருந்தவர்கள் வழியாகப் பரவிய அந்தக் காட்சிகளைத்தான் ரசிகர்கள் வண்ணப்படத்தோடு இணைத்துப் பார்த்தார்கள்.

நான் அவர்கள் பக்கம். படத்தின் முற்பகுதியில் ஆட்ரி, புல்தரையும் வேலியுமாகப் பச்சைப்பசேலென்ற ஒரு வீட்டைக் கனவு கண்டு பாடுவாள். நீக்கப்பட்ட முடிவில், செடியிடம் கடிபட்டுச் சாகும் தறுவாயில், அதே மெட்டைத் திரும்பப் பாடித் தன்னை அந்தச் செடிக்கே ஊட்டிவிடச் சொல்கிறாள். சீமோர் அவளைத் தூக்கிச் சென்று அதன் வாயில் கிடத்துகிறான். பின்னர் அவனையும் விழுங்கும் செடி, மூக்குக்கண்ணாடியை மட்டும் துப்பிவிடுகிறது. பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் அந்தக் கனவுப்பாட்டிலேயே விதைத்தது அங்கேதான் முளைக்கிறது. மாறாக, 1961-இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை நாயகன் டோனி சுடப்படுவதற்கு முன்பே ஒருவர் நிறுத்தினால், அவன் உயிர் பிரியும் வேளையில் காதலி மரியா பாடும் வரிகள் போய்விடும். அதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: அப்படியானால் எந்த வடிவத்தை முதலில் பார்க்கலாம்? (சேலம் வாசகர்)

பதில்: சீரமைக்கப்பட்ட வண்ண முடிவு 2012-இல் ப்ளூரேயில் வெளிவந்துவிட்டது, திரையரங்க வடிவமும் அதிலேயே உண்டு. முதலில் திரையரங்க வடிவத்தையே பாருங்கள், ஏனெனில் ஆட்ரி பிழைத்ததைக் கண்டு மகிழ்ந்தவருக்குத்தான் மற்றதில் அந்த மெட்டு திரும்ப எழும்போது தொண்டை அடைக்கும். திரையரங்க வடிவத்தின் இறுதியில், புதுவீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு மொட்டு சிரிக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.