மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையில் தலையும் வலது கையும் ஏன் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன?

கைப்பிழை இல்லை. இந்தச் சிலையை முதலில் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் உச்சியில் நிறுத்தத்தான் செய்யச் சொன்னார்கள். அவ்வளவு உயரத்தில் இருப்பதைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் தலை சிறுத்துத் தெரியும். அதை ஈடுகட்டவே பெரிதாக்கினார் என்பது பரவலான விளக்கம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அந்தக் கல்லின் கதையையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் கராராவில் வெட்டிய பளிங்கு அது. ஏற்கெனவே இரண்டு சிற்பிகள் தொட்டுப் பார்த்துக் கைவிட்டது, பல வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 1501இல் அதை எடுத்தபோது மைக்கேலாஞ்சலோவுக்கு வயது 26. 1504இல் முடித்தார். உயரம் 5 மீட்டருக்கும் மேல்! அதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கக் கூடிய குழுவில் லியொனார்டோ டா வின்சியும் போத்திசெல்லியும் இருந்தார்கள். கடைசியில் பேராலயத்துக்கு ஏற்றவே இல்லை. நகர அரண்மனையின் வாசலில் வைத்தார்கள். 1873இல் அங்கிருந்து அகாடெமியா காட்சிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

அப்புறம், முகத்தைக் கவனியுங்கள். அவருக்கு முன் தொனத்தெல்லோ செய்த வெண்கலத் தாவீதின் காலடியில், பைபிள் கதையில் தாவீது கவண்கல் எறிந்து வீழ்த்திய அரக்க உருவ வீரன் கோலியாத்தின் தலை கிடக்கும். மைக்கேலாஞ்சலோவின் தாவீது இன்னும் கல்லை எறியவே இல்லை. புருவம் நெரிந்திருக்கிறது, தொங்கும் வலது கையில் நரம்பு புடைத்திருக்கிறது.