சேலம் விமான நிலையம் ஏன் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறது? இந்த முறையாவது நிலைக்குமா?

ஓமலூர் பக்கத்துக்காரன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. "சேலத்துக்காரன் பிளைட்ல ஏற மாட்டான், அதான் மூடிட்டாங்க" என்று பலரும் சொல்கிறார்கள். முதல் தடவைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் வேறு.

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ஓமலூர் தாண்டி காமலாபுரத்தில் இருக்கிறது இந்த நிலையம். சுற்றிலும் பூந்தோட்டமும் தென்னையுமாக இருக்கும் ஊர். ஏறக்குறைய 136 ஏக்கரில் கட்டி 1993-இல் திறந்தார்கள். ஓடுபாதை 1,806 மீட்டர், அகலம் 30 மீட்டர். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

முதலில் வந்தது என்.இ.பி.சி. காற்றாலைத் தொழிலிலிருந்து விமானத்துக்கு வந்த சென்னை நிறுவனம். அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து சென்னைக்குப் பறக்கக்கூடியவர்கள் குறைவு, டிக்கெட்டும் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் இல்லை, எதிரே ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருந்தது: ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. யார் பிளைட்டில் போவார்கள்? ஆள் இல்லாமல் சேவை நின்றது. கொஞ்ச காலத்தில், 1997-இல், அந்த நிறுவனமும் பறப்பதை நிறுத்தியது.

அப்புறம் பத்து ஆண்டுக்கு மேல் பயணிகள் விமானமே கிடையாது. கட்டடம் இருந்தது, வேலி இருந்தது, காவலுக்கு ஆள் இருந்தார்கள். எப்போதாவது அரசியல் தலைவர்கள் தனி விமானத்தில் வந்து இறங்கினால் வேலியோரம் கூட்டம் நிற்கும். நாங்கள் ஏர்போர்ட் என்று பார்த்தது அதுதான்.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்கு ஏ.டி.ஆர். என்ற, இறக்கையில் விசிறி சுழலும் சின்ன ரக விமானத்தை விட்டது. இந்தத் தடவை நிலைமையே வேறு. ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்கள், வெள்ளிக் கொலுசு வியாபாரிகள், ஜவுளிக்காரர்கள், நாமக்கல் பக்கத்திலிருந்து லாரி, கோழிப்பண்ணைத் தொழில் செய்பவர்கள் என்று பறக்க ஆள் இருந்தார்கள். ஆனாலும் 2011-இல் சேலம் சேவையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் நிறுவனமே தரையிறங்கிவிட்டது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனி முதலில் வெட்டுவது இந்த மாதிரி சின்ன ஊர்களைத்தான். அதைச் சேலத்துப் பயணியின் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது சுற்று, சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உதான் திட்டத்தில். ஒரு மணி நேரப் பயணத்துக்கு, விமானத்தில் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய் அளவில் விற்க வேண்டும், அதனால் வரும் நஷ்டத்தை அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. 2018 மார்ச் 25-ஆம் தேதி ட்ரூஜெட் விமானம் வந்தது, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். நல்ல கூட்டம். முதல் தடவையாகப் பறந்தவர்கள் எவ்வளவு பேர்! எங்கள் ஊரில் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்து அம்மாவையும் அப்பாவையும் அனுப்பிவைத்த வீடுகள் உண்டு. அதைப் பார்த்தவன் என்பதால்தான் "சேலத்தில் ஆள் ஏறாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனைக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம். இங்கிருந்து சென்னைக்குப் போனவர் அன்றைக்கே பிளைட்டில் திரும்ப முடியாது, ஒன்று தங்க வேண்டும் அல்லது ரயில் பிடிக்க வேண்டும். அப்படியும் ஏறினார்கள்.

பிறகு கொரோனா வந்தது, மூன்று ஆண்டு மானியக் காலமும் முடிந்தது. 2021-இல் சேலம் சேவை நின்றது, 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டே மொத்தமாக நின்றுபோனது.

கவனித்தீர்களா? வந்த மூன்று நிறுவனமும் இப்போது இல்லை. இந்த நிலையத்தின் கதை பெரும்பாலும் வந்து போன கம்பெனிகளின் கதைதான்.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. சென்னையோடு பெங்களூர், ஹைதராபாத், கொச்சி என்று ஊர்கள் கூடின. எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதுதான். இண்டிகோவிடம் நாற்பதுக்கு மேல் ஏ.டி.ஆர். விமானங்கள் இருக்கின்றன, ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்ப முடியும். கையில் சில விமானங்களை மட்டும் வைத்திருக்கும் கம்பெனியால் அது முடியாது. அதோடு 80 இருக்கைக்குக் கீழே உள்ள விமானங்களுக்கு நம் நாட்டில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது, ஏ.டி.ஆருக்கு அது நல்ல உதவி. அதனால் இந்த முறை நிலைக்கும் என்றுதான் நம்புகிறேன்.

சரி, ஓடுபாதை விஷயம். 1,806 மீட்டர் ஏ.டி.ஆருக்குத் தாராளம், ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய ஜெட் விமானம் முழுச் சுமையோடு கிளம்பப் போதாது. அதனால் விரிவாக்கம் வேண்டும் என்று 2018-இல் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய நான்கு ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கக் கிளம்பினார்கள். அதே சமயத்தில்தான் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கும் நிலம் அளந்துகொண்டிருந்தார்கள், இந்தப் பக்கத்து விவசாயிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முதல் ஏர்போர்ட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பங்களே மறுபடியும் கொடு என்றால் போராடாமல் என்ன செய்வார்கள்? தங்கள் நிலத்தில் எழுந்த கட்டடம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

என் கருத்தைக் கேட்டால், பெரிய விமானத்துக்கு அவசரப்படத் தேவையில்லை. இருக்கிற ஓடுபாதையிலேயே சென்னைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏ.டி.ஆர். விட்டு, வேலை முடித்து அன்றைக்கே வீடு திரும்பும்படி செய்யட்டும். இரண்டு மூன்று ஆண்டு அது விடாமல் ஓடி, டிக்கெட் கிடைக்காமல் ஆள் திரும்பும் நிலை வந்தால், அப்போது அந்த நான்கு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, சந்தை விலைக்குக் குறையாத தொகையோடு நிலத்தைப் பற்றிப் பேசலாம்.