ஆம்பிளைப் பிள்ளை செய்கிற வேலையா இது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கொழும்பில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்து, இப்போது ஹட்டனில் இளையவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் அக்கா.

கேள்வி: அக்கா, நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். வயது 23. ஏ.எல். முடித்துவிட்டுப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். கடைக்கு வரும் ஓர் அம்மா, பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் தன் கணவரைப் பார்த்துக்கொள்ள வெள்ளவத்தையில் வந்து தங்குவாயா என்று கேட்கிறார். சம்பளம் கடையைவிடக் கூட. அவருக்கு வலப்பக்கம் விளங்காது, பேச்சும் வராது. எங்கள் அம்மாவோ, "கண்டவன் மூத்திரம் அள்ளவா கொழுந்து பறிச்சு உன்னப் படிக்க வச்சேன்" என்று அழுகிறார். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் வேலையைப் படித்துக்கொண்டு போங்கள். பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

அம்மா மூத்திரத்துக்காக மட்டும் அழவில்லை. தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு அனுப்பிய காலத்தை அவர் பார்த்திருப்பார். குசினி ஓரத்தில் ஒரு பாய், மிஞ்சின சோறு, சம்பளம் தரகர் கையில். அப்படிப் போய்த் திரும்பியவர்கள் இல்லாத லயம் குறைவு. அந்தப் பயத்தோடு சண்டை பிடிக்காதீர்கள். நீங்கள் கைத்தொழில் தெரிந்த ஆளாகப் போகிறீர்கள் என்பதை அவர் கண்ணால் காண வேண்டும்.

இதில் என்ன தொழில் இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஒரு சட்டையைக் கொடுத்து அந்த ஐயாவுக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள். நல்ல கையை முதலில் நுழைத்தால் விளங்காத கையை முறுக்கித்தான் மற்றதற்குள் விட முடியும். போடும்போது விளங்காத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். கட்டிலிலிருந்து எழுப்பும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, விளங்காத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோளைத் தாங்கும் சதை தளர்ந்திருக்கிறது. மூட்டு விலகினால் வலி மாதக்கணக்கில் நிற்கும். நடக்கும்போது பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள்.

சாப்பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். விளங்காத பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணித்தியாலமாவது உட்கார்த்தி வையுங்கள். தண்ணீர் குடித்ததும் இருமினால், குரல் கரகரத்தால், வீட்டாரிடம் சொல்லி டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். உணவும் நீரும் நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியா வந்தால் அது உயிருக்கே ஆபத்து.

பேச்சு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கை காலோடு பேச்சும் போவது வழக்கம். பேச்சு போனவர்களில் பலருக்கு நாம் சொல்வது விளங்கும். நான் பார்த்துக்கொண்ட ஒரு டீச்சரம்மாவும் அப்படித்தான். வருகிறவர்கள் எல்லாரும் அவர் தலைக்கு மேலே நின்று, "சாப்பிடுறாவா? தூங்குறாவா?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர் கண் என்னையே பார்க்கும். "டீச்சரிடமே கேளுங்க" என்பேன். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஆம் என்றால் என் கையை ஒருதரம் அமுக்குவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். பதில் வரும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றே நான் சொல்வேன். உங்கள் ஐயா என்ன வேலை பார்த்தார், எந்தப் பத்திரிகை படித்தார், தேநீருக்கு எவ்வளவு சீனி என்பதையெல்லாம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கழுவித் துடைக்கும்போது கதவைச் சாத்தி, துவாயால் மூடி, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். உள்ளுடுப்பு மாற்ற அந்நியப் பெண் வந்தால் கூசிச் சுருங்குகிற ஆண்கள் எத்தனையோ பேர். பையன் கிடைப்பானா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் அதிகம், அனுப்பத்தான் ஆள் இல்லை.

இனி எழுத்துக்கு வருவோம். ஐயாவின் வேலை மட்டும்தான், வீட்டுச் சமையலும் நாய் குளிப்பாட்டுவதும் இல்லை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. இரவில் எழும்ப வேண்டியிருந்தால் பகலில் தூங்க நேரம். படுக்க ஒரு தனி இடம். சம்பளம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு. என்னைக் கொழும்புக்கு அனுப்பிய தரகர் முதல் சம்பளத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டார், கேட்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. குளிசையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று முகம் கோணினால், மூச்சுத் திணறினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பாளருக்கு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா என்கிற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் விசாரியுங்கள். வேலை செய்து பழகியவர்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் உண்டு. அந்தக் காகிதத்தோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுங்கள்.

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். அப்பா விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து லயத்துக் காம்பராவில் படுத்த படுக்கை. முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது. எண்ணெய் போட்டுத் தேய், டியூப் வளையத்தில் வை என்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. தேய்த்தால் உள்ளே நசுங்கிய தோல் இன்னும் கெடும். வளையம் தன் விளிம்பில் அழுத்தி இரத்த ஓட்டத்தை மறிக்கும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். விரலை எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது. சூடாக, கல் மாதிரி இறுகலாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் புரட்டாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக் கொஞ்சம் சரித்துவிட்டால் போதும். எந்தப் பக்கம் எப்படிப் புரட்டலாம் என்பதை, இடுப்பைப் பார்த்த டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி வைத்து, குதிக்கால் படுக்கையில் படாமல் பாருங்கள். ஈரமானால் உடனே மாற்றுங்கள். மழை மாதத்தில் துணி காயாது, தெரியும்; பழைய சேலைகளைக் கிழித்து நிறைய வைத்துக்கொள்ளுங்கள். முட்டை, பருப்பு, கௌபி சேருங்கள், புரதம் இல்லாமல் தோல் ஆறாது. குளிருக்குச் சுடுதண்ணிப் போத்தலைக் காலில் படும்படி வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த காலென்றால் வெந்த பிறகுதான் தெரியும். தோல் உரிந்தாலோ நாற்றம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரவில் நீங்கள் ஒருத்தியே எழும்புகிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தம்பிமார் இருவரும் அதே காம்பராவில்தானே படுக்கிறார்கள்? ஆளுக்கு ஒரு முறை வையுங்கள். இது மகள் மட்டும் பார்க்கிற வேலை இல்லை.

கேள்வி: யப்பானில் பராமரிப்பு வேலை, பாஷை தேவையில்லை, முற்பணம் மட்டும் கட்டு என்கிறார் ஒருவர். நம்பலாமா? (நுவரெலியா)

பதில்: நம்பாதீர்கள். அந்த வேலைக்கான விசேட திறன் விசாவுக்கு யப்பான் பாஷைப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் தேற வேண்டும். காசு கொடுக்குமுன் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.