மழை குறையவில்லை, மண் மட்டும் ஏன் காய்கிறது?

வெலிமடைப் பக்கத்திலிருந்து எழுதியுள்ள வாசகரிடம் சரிவில் அரை ஏக்கர் தேயிலையும், அதற்குக் கீழே கால் ஏக்கர் மரக்கறித் தோட்டமும் இருக்கின்றன. தந்தையார் காலத்தில் ஆடி மாதத்தை ஓரளவுக்குத் தாங்கிய நிலம் இப்போது இரண்டு கிழமை வெயிலுக்கே வெடித்துவிடுகிறது என்கிறார். ஆனால் அவருடைய மகன் கைபேசியில் எடுத்துக் காட்டிய செய்மதி வரைபடம், அந்தப் பிரதேசத்தின் மண் ஈரத்தில் நீண்டகாலமாகப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று காட்டுகிறதாம். எதை நம்புவது, 5,000 லீற்றர் தாங்கியும் பம்பும் கடனுக்கு எடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

கடனை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அதற்கு முன் அலவாங்கை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். மண் ஈரத்தை அளப்பதற்காகவே நாசா 2015 ஆம் ஆண்டில் ஏவிய ஸ்மாப் செய்மதி, மேல்மண்ணில் ஏறத்தாழ 5 சென்டிமீற்றர் ஆழத்தின் ஈரத்தை மட்டுமே உணரக்கூடியது. அதன் அளவீடுகள் பொதுவாக 36 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாகத் தரப்படுகின்றன. வெலிமடை நகரை நடுவில் வைத்து அப்படி ஒரு சதுரம் வரைந்தால், கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவும், 700 மீற்றரையும் எட்டாத பதுளையும், காற்று வீசும் ஹப்புத்தளைக் கணவாயும், மூடுபனி விலகாத ஹோட்டன் சமவெளியும் அதற்குள் வந்துவிடும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். போதாக்குறைக்கு, செங்குத்தான சரிவுகளும் அடர்ந்த மரங்களும் அந்தச் சமிக்ஞையைக் குழப்பும் என்பதால், மலைநாடுகளில் இவ்வகை அளவீடுகளை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். 1978 முதலான நீண்ட செய்மதித் தொடர்களும் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு காலத்தில் பறந்த வெவ்வேறு கருவிகளின் அளவீடுகளை ஒட்டிச் சேர்த்தவை. ஆழமான மண்ணடுக்கின் ஈரத்தைக் காட்டும் வரைபடம் உங்கள் கையில் இருந்தால், அது பெரும்பாலும் மாதிரிக் கணிப்பாகத்தான் இருக்கும். அதாவது, அளந்த ஈரம் அன்று, கணக்கிட்ட ஈரம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீண்டகாலப் போக்கு வேறு, வறட்சிக்கு ஆளாகும் நிலை வேறு. முப்பது ஆண்டுச் சராசரி அசையாமல் இருக்கும்போதே இடையில் ஓர் ஆண்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். 1991 இல் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, வறட்சி கண்ட 1992 இல் 18 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. சராசரிக் கோட்டில் அது ஒரு சிறு பள்ளம் மட்டுமே.

இனி உங்கள் மண்ணுக்கு வருவோம். தோட்டத்தை ஒரு பாத்திரமாக எண்ணிக்கொள்ளுங்கள். பெய்யும் மழையில் பாத்திரம் கொள்ளுமளவு மட்டுமே பயிருக்கு, மிச்சம் கானில் ஓடிவிடும். நடுத்தரமான, கல் இல்லாத மண் தன் ஆழத்தில் 12 முதல் 15 சதவீதம் வரையான நீரைப் பயிர் எடுக்கக்கூடிய வடிவில் பிடித்துவைக்கும். 60 சென்டிமீற்றர் ஆழமான மண் என்றால் அது 72 முதல் 90 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். காற்றும் வெயிலுமான நாளொன்றில் பயிரும் மண்ணும் சேர்ந்து 4 மில்லிமீற்றர் வரை இழக்கலாம். ஆகவே அந்த மண் ஏறக்குறைய இருபது நாள் தாங்கும். மேல்மண் அரித்துப் போய் 30 சென்டிமீற்றர் மட்டும் எஞ்சி, அதிலும் மூன்றில் ஒரு பங்கு கல்லாக இருந்தால், கையிருப்பு 24 முதல் 30 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். ஆறேழு நாளில் அது தீர்ந்துபோகும். மழை ஒரு துளிகூடக் குறையாமலே உங்கள் தந்தையாரின் இருபது நாள் உங்களுக்கு ஒரு கிழமையாகிவிட்டிருக்கலாம். சரிவில் வருடத்துக்கு இரண்டு போகம் உருளைக்கிழங்கு போட்டுக் கொத்திப் புரட்டிய நிலங்களில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

காலநிலைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்றுத் தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் தாகத்தைக் காற்று உங்கள் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் தீர்த்துக்கொள்ளும். வெலிமடை அடங்கும் ஊவா மாகாணத்தில் இது இன்னும் கடுமை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணமும் அதே காய்ந்த நாட்களில்தான் கொழுந்தில் ஏறுகிறது என்பது வேடிக்கையான உண்மை.

அலவாங்கால் தேயிலையில் மூன்று இடத்திலும் மரக்கறிப் பாத்தியில் இரண்டு இடத்திலும் குத்திப் பாருங்கள். கல்லோ இறுகிய படையோ எந்த ஆழத்தில் தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கடைசியாக நல்ல மழை பெய்து பத்தாம் நாள், 15 சென்டிமீற்றர் ஆழத்திலிருந்தும் 40 சென்டிமீற்றர் ஆழத்திலிருந்தும் 100 கிராம் மண் எடுத்து, கற்களை நீக்கிச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஆய்வுகூடத்தில் 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்துவார்கள். வீட்டில் பழைய தாச்சியில் மெல்லிய தீயில், புகையவிடாமல், எடை குறைவது நிற்கும்வரை கிளறினால் போதும். 100 கிராம் 82 கிராமாக வந்தால், இழந்த 18 ஐ உலர்ந்த 82 ஆல் வகுக்க 22 சதவீதம். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை; அடுத்த ஆண்டும் அதே இடத்தில், மழைக்குப் பின் அதே பத்தாம் நாளில் எடுத்து ஒப்பிடும்போதுதான் அது பேசும். மேலே காய்ந்து கீழே ஈரம் இருந்தால் மூடாக்கு, அதாவது மண்ணை இலைதழையால் மூடுவது, உதவும். இரண்டும் காய்ந்திருந்தால் பாத்திரமே சிறுத்துவிட்டது.

இப்போது தாங்கி. கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீர் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். ஆக, மரக்கறித் தோட்டத்தின் ஒருநாள் தேவையே 4,000 லீற்றர். உங்கள் 5,000 லீற்றர் மறுநாள் காலையோடு முடிந்துவிடும். கடன் அப்படி முடியாது. அதே நீரை, வெற்றிடம் நிரப்ப நட்ட 500 இளந் தேயிலைக் கன்றுகளுக்குக் கிழமைக்கு இருமுறை ஒரு லீற்றர் வீதம் ஊற்றினால் ஐந்து கிழமை வரும். வறட்சியில் முதலில் சாவது இளங்கன்றுதான் என்பதால், அப்படி நட்டிருந்தால் மட்டும், பம்பு இல்லாமல், கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தாங்கியொன்று வைப்பதில் நியாயமுண்டு. ஆணிவேருள்ள பழைய விதைத் தேயிலை, பதியன் கன்றிலிருந்து வளர்த்த தேயிலையைவிட ஆழத்திலிருந்து நீர் எடுக்கக்கூடியது. அதைப் பிடுங்கி மாற்றும் எண்ணமிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பணம் அதிகம் கேட்காத வேலை மூடாக்கு. கவ்வாத்தில், அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும்போது, விழும் குச்சிகளை அந்த மலையிலேயே போட வேண்டும் என்று நான் எழுதும்போதே, அவை பெரும்பாலும் அடுப்புக்குப் போகின்றன என்பதும் தெரியும். தடித்த குச்சியை எடுத்துக்கொண்டு இலையையும் மெல்லிய கிளையையும் விட்டுவையுங்கள். வேலியோரத்தில் கிளிரிசீடியா நட்டு, மே முடிவதற்குள் வெட்டிப் பரப்பலாம். கச்சான் தொடங்கும் நேரத்தில் கவ்வாத்து வேண்டவே வேண்டாம்.

சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சமவரைக் கான்களுக்குள் இடையிடையே தடுப்பு விட்டால் மண்ணும் நீரும் அங்கே தங்கும். ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. உங்கள் சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் நீரைத் தேக்கும் கான் வெட்டாதீர்கள், மேற்புறத்தில் தாங்கியும் வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் சரிந்ததும் இதே ஊவாவின் மலைச்சரிவுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் காணி எந்த வலயத்தில் இருக்கிறது என்று பதுளையில் கேட்டறிந்த பின்னரே மண்வெட்டியை எடுங்கள். ஆழத்தையும் இரண்டு ஈர எண்களையும் எனக்கு எழுதி அனுப்பினால், எத்தனை அடிக்கு ஒரு கான் என்பதைச் சரிவின் அளவோடு சேர்த்துச் சொல்ல முடியும்.